ஆயுத பூஜையன்று அணைத்த ஐந்து சர்வர்கள்

நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தின் சர்வர்களை எட்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாகத் தினமும் பஸ். மொத்தம் ஐந்து சர்வர்கள். எந்த லாரி எங்கே நிற்கிறது, என்ன லோடு என்பதை ஐந்தும் தங்களுக்குள் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். ஒன்று படுத்தால் மற்றவை தாங்கும். எல்லாவற்றையும் நிறுத்த வேண்டுமென்றால் மட்டும் ஒரு முறை உண்டு. ஒவ்வொன்றாகப் புதுப் பதிவு வாங்குவதை நிறுத்தி, கையில் இருப்பதை எழுதி முடிக்க விட்டு, மற்றவற்றுக்குத் தெரிவித்துவிட்டு விலக்க வேண்டும். கடைசியாக நின்றதுதான் மறுபடி முதலில் எழ வேண்டும். புதிய பதிவுகள் அதனிடம்தான் இருக்கும். இதை அலுவலகத்தில் சொன்னதற்குச் சுவரிடம் சொல்லியிருக்கலாம்.

ஆயுத பூஜையன்று ஷெட்டில் நிற்கிற லாரி, ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் ஓய்வு. சர்வருக்கும் அப்படியே. துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, தீபாராதனை முடியும் வரை எதுவும் ஓடக்கூடாது. அதில் எனக்கு வருத்தம் இருந்ததே இல்லை. நான் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் முதல் ஐந்து வருடமும் அந்தப் பொட்டுகளை வைத்தது நான்தான்.

ஆறாவது வருடம் பூசாரிக்கு வேறொரு ஷெட்டிலும் பூஜை இருந்தது. பதினோரு மணி என்றவர் பத்தேகாலுக்கே வந்துவிட்டார். நான் இரண்டைத்தான் நிறுத்தியிருந்தேன். இன்னும் இருபது நிமிடம் வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டேன். அவர் என் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தார்.

"சாமி காரியமுங்க. உங்களுக்கு அது தெரியாதுங்க," என்றார்.

அதற்குமேல் எதைக் கேட்டாலும் பூஜையைத் தடுக்கிறவளாகத்தான் தெரிவேன். வாயை மூடிக்கொண்டேன். அதற்காக இன்றைக்கும் என்மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

மேனேஜர் மெயினை இறக்கினார். அதோடு விட்டிருந்தால் யூபிஎஸ் தாங்கியிருக்கும், நானும் மிச்சத்தை ஒழுங்காக நிறுத்தியிருப்பேன். பேட்டரியும் உழைக்கிற சாமான்தானே, அதற்கும் ஓய்வு வேண்டும் என்று பக்தியோடு அதையும் அணைத்தார். மூன்று சர்வர்களும் எழுதிக்கொண்டிருந்த வரியின் நடுவிலேயே நின்றன. மணி அடித்தார்கள். எனக்கும் பொரி கொடுத்தார்கள்.

மறுநாள் எதுவும் எழவில்லை. ஒழுங்காக நின்ற இரண்டிடம் பழைய பதிவுகள். மற்ற மூன்றும் யாரிடம் கடைசிப் பதிவு என்று தெரியாமல் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, அதிகம் எழுதியிருந்ததை முதலில் எழுப்பி, மற்ற நான்கையும் அதன் பின்னால் சேர்ப்பதற்குள் மாலையாகிவிட்டது. பூஜையன்று காலைப் பதிவுகளில் பாதி போயே போய்விட்டன. டிரைவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டோம்.

முதலாளி அழைத்தார். மேனேஜரும் இருந்தார். நடந்ததை நான் சொல்லி முடிக்கும் வரை முதலாளி பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் இன்னும் கசக்கிறது.

"பூஜை புடிக்கலீன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்க. மெசின எதுக்குங்க தண்டிக்கோணும்?" என்றார் முதலாளி.

நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். நான் இருபது நிமிடம் கேட்டதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த வருடம், நிறுத்தும் முறையை வரிசையாக எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். ஒரு வரி விடாமல் அதன்படியே செய்தார்களாம், ஐந்தும் சுத்தமாக எழுந்தனவாம். பூஜையன்று என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தார்கள்.