விலக்கச் சொன்ன தலைப்பு

இருபது வருஷமாகப் பத்திரிகைக்கு அட்டை செய்கிறேன். முதுகு போயிற்று, கண் போயிற்று, பொறுமை எப்போதோ போயிற்று. லிங்கராஜபுரத்தில் ஒரு மாடியில் இரண்டு அறை, அதுதான் எங்கள் மாத இதழின் அலுவலகம். பேசுவது தமிழ் என்றாலும் தொழில் வார்த்தைகள் எல்லாம் எங்களுக்கு இங்கிலீஷ்தான். கவர், ஹெட்டிங், ப்ரூஃப், ப்ளீட். போன வருஷம் மதுரையிலிருந்து வந்து சேர்ந்த ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை. ப்ரூஃப் மெய்ப்பு ஆயிற்று, ஹெட்டிங் தலைப்பு ஆயிற்று. தாளை வெட்டும்போது வெள்ளை தெரியாமலிருக்க ஓரத்தில் கூடுதலாக விடுகிற ப்ளீடுக்கு மட்டும் அவருக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. கிடைக்காமலே போகட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

அந்த மாதம் அட்டைக்கு ஹெப்பகோடியில் கார்மென்ட்ஸில் தைக்கிற ஒரு பெண். கழிப்பறைக்குப் போய்வர ஐந்து நிமிடம்தான், அதற்கும் டோக்கன் வாங்க வேண்டும் என்று பேட்டி கொடுத்திருந்தாள். படம் எடுக்கப் போனது நான்.

"மூஞ்சி தெரிஞ்சா நாளைக்கே வேலை போயிடும்க்கா. ரெண்டு பசங்க ஸ்கூலுக்குப் போறாங்க," என்றாள்.

"தெரியாது. நான் பாத்துக்கறேன்," என்றேன்.

சேலைத் தலைப்பால் மூக்குவரை மூடிக்கொண்டு நின்றாள். நடுவில் ஒருமுறை அது காற்றில் நழுவ, அவள் சிரித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து நான் கேமராவை அழுத்தியிருந்தேன். அழிக்க நினைத்து மறந்தும் போனேன்.

மூடிய படத்தை வைத்துத்தான் அட்டை செய்தேன். 'ஐந்தே நிமிடம்' என்ற எழுத்தை முகத்தை மூடிய துணியின்மேல் குறுக்காக ஓடவிட்டேன். ஊருக்குப் போய்க்கொண்டிருந்த ஆசிரியர் பஸ்ஸிலிருந்தே வாட்ஸப்பில் பேசி அனுப்பினார்: "அட்டை நல்லா இருக்கும்மா. ஆனா தலைப்பு மூஞ்சிய மறைக்குது. அத வெலக்கிட்டு அச்சுக்கு அனுப்பிருங்க."

நான் பிறந்து வளர்ந்த மர்பி டவுனில் தலைப்பு என்றால் சேலையில் இருப்பது; அவர் ஹெட்டிங்கைத்தான் அப்படிச் சொல்வார் என்பது அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. அந்தப் பெண்ணிடம் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெரிய காரணமெல்லாம் கிடையாது, அலுப்பு. மறுபடி பேசி, மறுபடி மாற்றி, மறுபடி அனுப்ப யாரால் முடியும்? அவள் சிரிக்கிற படத்தை வைத்து, எழுத்தைக் கீழே இறக்கி, அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அச்சான இதழ்க் கட்டுகள் வந்து இறங்கின அன்று ஆசிரியர்தான் முதலில் பிரித்தார்.

"என்னம்மா, மூஞ்சி தெரியுது! அந்தப் பொண்ணு ஒத்துக்கிச்சா?"

"நீங்கதானே சார் தலைப்ப வெலக்கச் சொன்னீங்க?"

"நான் சொன்னது ஹெட்டிங்கம்மா!" என்று கத்தினார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றுதான் கேட்டேன்.

அவர்மேல் கோபம் வந்தது, ஆனால் நிற்கவில்லை. அவளுக்கு வாக்குக் கொடுத்தது அவர் இல்லையே. நல்ல வேளை, ஒரு பிரதிகூட இன்னும் வெளியே போகவில்லை. அதே 'ஐந்தே நிமிடம்' எழுத்தை ஸ்டிக்கராக அடித்து, உரித்தால் தாளோடு கிழிந்து வருகிற மாதிரி ஒவ்வொரு முகத்தின்மேலும் ஒட்டினோம். அவரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எல்லாவற்றையும் ஒட்டி முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று.

ஒரு பிரதியில் மட்டும் லேசாக உரிகிற ஸ்டிக்கரை ஒட்டி எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஹெப்பகோடிக்குப் போனேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் நகத்தால் ஸ்டிக்கரின் மூலையைக் கிளப்பி, மெதுவாக உரித்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆதார் கார்டுல பேய் மாதிரி இருப்பேன். இதுல நல்லாருக்கேன் இல்லக்கா?"

"ரொம்ப நல்லாருக்கே," என்றேன்.

வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு ஸ்டிக்கரை அதே இடத்தில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தன் முகத்தை மூடினாள்.