மாமா தவறிட்டாவ

குவைத்திலிருந்து மனைவி அனுப்பிய குரல் செய்தியைத் துறைமுகத்தில், கன்டெய்னர்களுக்கு நடுவே நின்று கேட்டேன். நான் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ் குமாஸ்தா. செய்தி ஒரே வரிதான். "என்னங்க, மாமா தவறிட்டாவ." பிறகு அழுகை.

அவள் மாமா என்று கூப்பிடும் ஒரே ஆள் என் அப்பா. பக்கவாதம் வந்து மில்லர்புரம் வீட்டில் கட்டிலோடு கிடப்பவர். காலையில் குளிப்பாட்டி இட்லி ஊட்டிவிட்டுத்தான் வந்திருந்தேன். இட்லியை என் சட்டையில் துப்புகிற அளவுக்குத் தெம்பாக இருந்தார்.

இங்கே நடந்த சாவு குவைத்துக்கு எப்படி முதலில் தெரியும் என்று கேட்பீர்கள். என் பயம் அதற்கும் பதில் வைத்திருந்தது. பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வரும் அக்கா, என்னிடம் சொன்னால் நான் விழுந்துவிடுவேன் என்று என் மனைவியிடம் சொல்லியிருப்பார். ஊசியைக் கண்டாலே மயங்குகிறவன் நான். நல்ல முடிவுதான் என்று அந்த அக்காவை மனதுக்குள் பாராட்டவும் செய்தேன். வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்க மட்டும் தோன்றவில்லை. ஃப்ரீசர் பெட்டிக்காரருக்குப் போட்டேன்.

நான் அழுதுகொண்டே பைக்கில் போய்ச் சேர்வதற்குள் பெட்டி வாசலில் இறங்கியிருந்தது. கேஸ் சிலிண்டர்கூட இந்த ஊரில் இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை.

"பாடி எங்க அண்ணாச்சி?" என்றார் பெட்டிக்காரர்.

பாடி கட்டிலில் சாய்ந்தபடி, அந்த அக்கா பிடித்திருந்த டீயில் ரஸ்க்கை நனைத்துத் தின்றுகொண்டிருந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

"யாருலே செத்தா?" என்றார் அப்பா.

அப்போதுதான் உறைத்தது. அரபி வீடுகளில் எஜமானியம்மாளை வேலைக்குப் போன பெண்கள் 'மாமா' என்றுதான் கூப்பிடுவார்கள். எங்களிடம் பேசும்போது 'பெரியம்மா' என்று சொல்லுகிறவள், அன்று அழுகையில் அந்த வீட்டு வாயோடு பேசிவிட்டாள். இவள் குளிப்பாட்டி, தூக்கி உட்கார வைத்து, சோறூட்டி வந்த கிழவி போய்விட்டாள்.

மகன் படிப்புக்கென்று போனவள். அவன் படித்து முடித்து பெங்களூருக்கே போய்விட்டான். "பெரியம்மா இருக்க வரைக்கும் இருந்துட்டு வந்துருதேன்" என்று ஒவ்வொரு லீவிலும் சொல்லிவிட்டுப் போவாள். ஆக, அந்தப் பெரியம்மா போனால் இவள் வருவாள். கடல் தாண்டி ஒரு கிழவியின் மூச்சு நிற்பதை நான் எதிர்பார்த்துக் கிடந்தேன் என்பதை வேறு எப்படிச் சொன்னாலும் அழகாக இருக்காது.

வீடியோ கால் போட்டேன். முகம் வீங்கியிருந்தது.

"உன் மாமா இங்கன ரஸ்க் தின்னுட்டிருக்காரு ஏளா. நான் ஐஸ் பெட்டியே இறக்கிட்டேன்."

அழுகைக்கு நடுவே சிரித்தாள். "உங்களுக்குக் கிறுக்கா? மாமாகிட்ட குடுங்க போனை."

அப்பாவும் அந்தக் கிழவியும் இதே போனில் ஒருவருக்கொருவர் கையாட்டிப் பழகியவர்கள். "முந்திக்கிட்டாவளே" என்றார் அப்பா. பிறகு நான் கேட்க முடியாமல் நின்றதை அவரே கேட்டார். "நீ எப்ப வார தாயி?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அவங்க மக மாசமா இருக்காவ மாமா. பேறுகாலம் வரைக்கும் கூட இருன்னு கையைப் புடிச்சிட்டாவ. சரின்னுட்டேன்."

"பிள்ளை பிறந்தப்புறம் அதை யாரு பாத்துக்கிடுவா?" என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

"வச்சிரட்டா? வாரேன்" என்றாள். எங்கள் ஊரில் போகும்போதும் அப்படித்தான் சொல்லுவோம்.

பெட்டியை வண்டியில் ஏற்றிய பெட்டிக்காரர், "கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி, நல்ல சேதிதான?" என்றார். பாதி நல்ல சேதி என்றேன்.

உள்ளே போனால் அப்பா ரஸ்க்கை டீயில் கரைய விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, அந்தப் பெட்டிக்காரரு நம்பரை அழிச்சிராத. அவ வாரதுக்குள்ள வேண்டியிருந்தாலும் இருக்கும்."

ஸ்பூனை எடுத்துக் கரைந்த ரஸ்க்கை ஊட்டினேன். துப்பாமல் விழுங்கினார்.