லாரியில் இடித்த கிளை

என் கணவருக்கு உயரம் என்றால் பயம். மரம் கழிக்கும் தொழில் செய்கிறவருக்கு வரக்கூடாத பயம் அது. முன்பெல்லாம் அப்படியில்லை. குயிலாப்பாளையம் பக்கத்துத் தோட்டங்களில் கூலிக்கு இருந்தபோது இடுப்பில் பெல்ட்டும் தோளில் கயிறுமாக எந்த மரத்திலும் ஏறிவிடுவார். அங்கே கற்றதை நம்பித்தான் சொந்தமாகத் தொழில் தொடங்கினோம். ஒரு பழைய மொபெட், ஓர் ஏணி, கயிறுகள், ரம்பங்கள். நிழல் மரங்களை, நிழல் கெடாமல் அளவாகக் கழித்து விடுவது எங்கள் வேலை. தொடங்கிய கொஞ்ச நாளிலேயே ஒரு கிளை முறிந்து அவர் கயிற்றில் தலைகீழாகத் தொங்கினார். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கிளை பிரிகிற முதல் கவட்டையைத் தாண்டினால் கால் வெடவெடவென்று நடுங்கும்.

அதனால் நான் ஏற ஆரம்பித்தேன், அவருடைய பேண்ட்டையும் முழுக்கைச் சட்டையையும் போட்டுக்கொண்டு. அவர் கீழே நின்று கயிறு பிடிப்பார், எந்தக் கிளையை எங்கே அறுப்பது என்று சொல்வார். பெரிய முதலியார்சாவடி கெஸ்ட் ஹவுஸ்களில் எங்களை யாருக்குத் தெரியும்? அங்கெல்லாம் பிழைப்பு நன்றாகவே ஓடியது. மரக்காணத்தில், சொந்த ஊரில் மட்டும் வேலை ஒப்புக்கொள்ள மாட்டோம். பெண்டாட்டியை மரத்தில் ஏற்றிவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று பேர் வந்துவிடும் என்பார். எனக்கும் அது பிடிக்கவில்லைதான். கட்டியவர் பயந்தாங்கொள்ளி என்று நாலு பேர் பேசினால் எனக்குத்தானே அவமானம் என்று நினைத்தேன். அவருடைய கஷ்டத்தை நினைத்ததைவிட அதைத்தான் அதிகம் நினைத்தேன்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு அடுத்த கோடையில் உப்பளத்து முதலாளி ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். உப்பு லாரி போகிற வழியில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் கிளை ஒன்று தாழ்ந்து லாரியில் இடிக்கிறதாம். தெரிந்த மனிதர், முடியாது என்று சொல்ல வழியில்லை.

"அந்த ஒரு கிளைய மட்டும் எடுத்துடுங்க. வேற எதுலயும் கை வெக்காதீங்க. வேலை செய்யற பொம்பளைங்களுக்கு இருக்கிறது அந்த ஒரு நெழல்தான்" என்றார்.

உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பாத்தி, வரப்பு, கண் கூசும் வெள்ளை. இருட்டோடு வந்து உப்பு வாரும் பெண்கள் வெயில் ஏறியதும் அந்த மரத்தடியில்தான் தூக்குவாளியைத் திறப்பார்கள்.

அவர்கள் சாப்பிட வருவதற்குள் முடித்துவிடலாம் என்று காலையிலேயே போனோம்.

"இன்னிக்கு நான் ஏர்றேன்" என்றார் என் கணவர்.

"வேணாங்க. கால் நடுங்குமே."

"நம்ம ஊருடி இது. நீ சும்மா இரு."

ஏறினார். முதல் கவட்டையைத் தாண்டினார், அடுத்ததையும் தாண்டினார். எனக்கே சந்தோஷமாக இருந்தது. அப்புறம் அசைவில்லை. கூப்பிட்டேன், பதிலில்லை. நானும் மேலே போய்ப் பார்த்தால், கண்ணை இறுக மூடிக்கொண்டு மரத்தைக் கட்டிப் பிடித்திருக்கிறார். பெல்ட் மாட்டியிருந்ததால் விழ மாட்டார். பெரிய கிளையை இறக்குவது மாதிரி அவரையும் கயிற்றில் கட்டி மெதுவாக இறக்கிவிடலாம். கயிற்றை எடுப்பதற்குள் கீழே பேச்சுச் சத்தம் கேட்டது. பெண்கள் வந்துவிட்டார்கள்.

"அவங்க போவட்டும். நான் எறங்கற லட்சணத்த அவங்க பாத்துட்டா இந்த ஊர்ல தலகாட்ட முடியாது" என்றார் காதோடு.

சரி, சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று காத்திருந்தேன். சும்மா உட்கார்ந்திருந்தால் சந்தேகம் வரும் என்று, கீழே குரல் கொடுத்து அவர்களை விலகச் சொல்லிவிட்டு, லாரியில் இடிக்கும் கிளையை அறுத்துத் தள்ளினேன். விலகியவர்கள் திரும்ப வந்து உட்கார்ந்தார்கள். சாப்பிட்டார்கள், வெற்றிலை போட்டார்கள், ஒருத்தி சாக்கை விரித்துப் படுத்துவிட்டாள். லாரி வந்தால்தான் அவர்களுக்கு அடுத்த வேலை. அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் எங்களை வேடிக்கை பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மனசு அடித்துச் சொன்னது.

நிழல் போனால் அவர்களும் போவார்கள். இந்த யோசனை என்னுடையது.

இன்னொரு கிளையை அறுத்தேன். அப்புறம் கடல் பக்கத்துக் கிளை. ஒவ்வொரு தடவையும் அவர்கள் எழுந்து, மிச்சமிருந்த நிழலுக்குள் நெருக்கி உட்கார்ந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலை தெரிந்தவள் செய்கிறாள் என்று நம்பினார்கள் போலிருக்கிறது. கண்ணை மூடியிருந்தாலும் ரம்பத்தின் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். போதும் என்று அவரும் சொல்லவில்லை. கடைசியில் அவர்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, தூரத்தில் உப்புக் குவியலின் ஓரமாகப் போய் உட்கார்ந்தார்கள். அங்கே நிழல் என்று சொல்ல எதுவுமில்லை.

அவரைக் கட்டி இறக்கினேன். தரையில் கால் பட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் இறங்கி அண்ணாந்து பார்த்தேன். நடு உச்சியில் கொஞ்சம் இலை, மற்றதெல்லாம் வெறும் மொட்டை. இலைக் குப்பைக்கு நடுவில் வெயில் சுள்ளென்று விழுந்துகொண்டிருந்தது.

அந்தப் பெண்களில் வயதான ஒருத்தி எங்களை நோக்கி வந்தாள். திட்டப்போகிறாள் என்று நின்றேன். திட்டியிருக்கலாம்.

"தண்ணி குடுத்தியாம்மா அவருக்கு?" என்றாள். பிறகு மரத்தைப் பார்த்தாள். "நாங்க வந்தப்பவே பாத்தோம்மா, மரத்தக் கட்டிப் புடிச்சிக்கினு இருந்தாரு. பயம் எல்லாருக்கும் வர்றதுதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க எல்லாம் அந்தாண்ட திரும்பி உக்காந்திருப்போமே. இத்த எதுக்கு இப்டி பண்ண?"

அவர் எழுந்து, வழியை அடைத்துக் கிடந்த கிளைகளை இழுக்க ஆரம்பித்தார். நானும் போனேன். கொஞ்ச நேரத்தில் மற்ற பெண்களும் அந்த வெயிலில் எழுந்து வந்து, ஆளுக்கொரு கிளையைப் பிடித்து எங்களோடு இழுத்தார்கள்.