நேற்றைய குழம்பும் கிணற்றுப் பீரும்

நான் குடியிருக்கும் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் முதல் வேலை, பீர் பாட்டில் இரண்டை வாளியில் வைத்துக் கிணற்றுக்குள் இறக்குவது. பட்டப்பகலில், தெருக்கதவு விரியத் திறந்திருக்க! மதுரையில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்கள் நெஞ்சில் கைவைத்துக்கொள்வீர்கள். அங்கே மதுவிலக்கு, வாயில் வாடை வந்தாலே லாக்கப். இங்கே பாட்டில் குளிர்ந்துவிட்டதா என்று பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்து விசாரிக்கிறார்.

பிரெஞ்சுக்காரர்கள் போன மூன்றாம் வருடம், மில்லில் தறி ஃபிட்டர் வேலைக்காகப் பாண்டிக்கு வந்தவன் நான். வீட்டுக்காரர் லூர்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். தெருவுக்கே அவர் முசே, அவர் மனைவி திரேசா மதாம். பின்கட்டில் ஓர் அறை, தனி ஆளுக்கு மட்டும் என்று பேசித்தான் விட்டார்கள். ஊரில் கைக்குழந்தையோடு இருந்த என் மனைவி, "எப்ப கூப்பிடப் போறீங்க?" என்று கடிதத்துக்குக் கடிதம் கேட்டாள். தெருத் தெருவாக அலைந்தும் வேறு வீடு அகப்படவில்லை. கடைசியில், குடும்பத்தை இங்கேயே கூட்டி வரலாமா என்று முசேயிடமே கேட்டுவிட்டேன். "மதாம்கிட்ட பேசிட்டு ஞாயித்துக்கெழம சொல்றேன், தம்பி. மதியம் எங்ககூடவே சாப்புடு" என்றார்.

சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன். முன்னால் வந்தது, முதல் நாள் வைத்த மீன்குழம்பு, சுண்டிக் கறுத்துப்போய். பழைய சோற்றில் வெங்காயம் பிசைந்து தட்டிய வடை. முந்தாநாள் ரொட்டியை வாட்டிய துண்டுகள். பக்கத்தில் வியர்த்த பீர் பாட்டில். எனக்குக் காது சூடாகிவிட்டது. எங்கள் பக்கம் விருந்தாளிக்கு மிச்சத்தை வைத்தால், நடையைக் கட்டு என்று அர்த்தம். இடம் கிடையாது என்பதை வாயால் சொல்லாமல் குழம்பால் சொல்கிறார்கள் என்றே முடிவுகட்டினேன். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்குப் பசியில்ல. இடம் இல்லேன்னா நேராவே சொல்லியிருக்கலாம்" என்று எழுந்துவிட்டேன்.

மதாம் கரண்டியும் கையுமாகத் திகைத்து நின்றார். "என்னா தம்பி இது? நீ வந்த அன்னிக்கு உனக்குக் கோழி அடிச்சிக் கொழம்பு வெச்சேன். அப்ப நீ விருந்தாளி. பழச எங்க வூட்டு ஆளுங்களுக்குத்தான் வெப்பேன். மாடி ரூமுக்கு நேத்தே வெள்ளையடிச்சாச்சி. பொஞ்சாதி புள்ளைய எப்ப கூட்டியாரப் போற?"

அப்பாடா! அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். முசே கிளாஸை நீட்டினார். என் கண் தானாகத் தெருக்கதவுப் பக்கம் போனது. "போலீஸ் வராது, குடி" என்றார். முதல் மிடறு வேப்பங்கொழுந்தேதான். சீ என்று இருந்தது. "சும்மா குடிச்சா அப்பிடித்தான். ரொட்டிய கொழம்புல தொட்டுத் தின்னுட்டுக் குடி." தின்றுவிட்டுக் குடித்தேன். புளிப்பும் கசப்பும் ராசியாகிவிட்டன. புதுக்குழம்பின் காரம் பீரோடு நாக்கில் சண்டை போடும், ஒரு ராத்திரி தூங்கி எழுந்த குழம்புதான் தோது என்பது முசேயின் கட்சி. நான்கு வருடமாகத் தின்று பார்த்ததில் நானும் அவர் கட்சிதான். என் மனைவிகூட இப்போது சனிக்கிழமைக் குழம்பில் மறுநாளைக்கென்று ஒரு சட்டி எடுத்துவைக்கிறாள். பாட்டிலைத்தான் இன்னமும் முறைப்பாள்.

போன மாதம் நான் மட்டும் ஊருக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா தலைவாழை இலை போட்டு, சுடச்சுடச் சோறும் அப்போதுதான் இறக்கிய கறிக்குழம்பும் பரிமாறினாள். அடுப்படியில் அண்ணன் பழைய சோற்றில் நேற்றைய மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். வாசனை என் இலைவரைக்கும் வந்தது. பீர் கிடக்கட்டும், அந்தக் குழம்பாவது வேண்டும்போல இருந்தது.

"எனக்கும் அதுல கொஞ்சம் ஊத்தும்மா" என்றேன்.

அம்மா பதறிவிட்டாள். "உனக்கா? நாலு நாள் இருந்துட்டுப் போற பிள்ளைக்குப் பழசையா வைக்கிறது?"

நான் இலையில் இருந்ததைச் சாப்பிட்டேன். இந்நேரம் பாண்டியில் வாளி கிணற்றுக்குள் இறங்கியிருக்கும். உள்ளே அண்ணன் சட்டியை வழித்து விரலை நக்கினார்.