என் அமர்வில் எனக்குக் கிடைத்த இடம்

தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் ஊடகவியல் பாடம் எடுக்கிறேன். ஒலிபரப்பு, மின்னணு ஊடகம் பற்றி எங்கள் துறை நடத்தப்போகும் கருத்தரங்குக்கு நானும் ஓர் அமர்வுக்கான திட்டம் எழுதிக் கொடுத்திருந்தேன்.

டிவியில் பெண்களை முகத்துக்கும் குரலுக்கும் மட்டும்தான் வைத்துக்கொள்கிறார்கள், முடிவெடுக்கும் அறைக்குள் விடுவதில்லை. இதுதான் பொருள்.

இன்று காலை துறைத்தலைவர் கூப்பிட்டார்.

"மேடம், உங்க டாபிக் சூப்பர். கமிட்டியில ஓகே பண்ணிட்டோம்."

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கால்வலிகூட அந்த நொடியில் பறந்துவிட்டது.

அழைப்பிதழை நீட்டினார். அமர்வுக்குத் தலைமை அவர். பேச்சாளர்கள் மூவர், மூவரும் ஆண்கள்.

"சார், என் பேரு?"

"சீனியர்ஸ் பேசினாதான் மேடம் வெயிட்டா இருக்கும். நீங்க காம்பியரிங் பண்ணுங்க. உங்க வாய்ஸ்தான் அவ்ளோ நல்லா இருக்கே!"

"சார், அந்த செஷனே இதைப் பத்தித்தான்."

"அதான் மேடம் சொல்றேன், உங்களைவிடப் பொருத்தமா யாரு பண்ணுவா?"

கிண்டல் இல்லை. மனதாரத்தான் சொன்னார்.

வாசல் வரை போனவளை மறுபடியும் கூப்பிட்டார். "குத்துவிளக்கு ஏத்துறப்போ கெஸ்ட்டுக்கு மெழுகுவத்தி நீங்கதான் எடுத்துக் குடுக்கணும். பட்டுப்புடவையில வந்துடுங்க. அப்புறம், அந்த மூணு பேருக்கும் டாபிக் கொஞ்சம் புதுசு. என்ன பேசணும்னு நீங்களே எழுதிக் குடுத்துடுங்க."

மேடையில் யார் பேச வேண்டும் என்று என்னை யாரும் கேட்கவில்லை. முடிவெடுக்க எனக்கு விட்டிருப்பது புடவை ஒன்றுதான்.

மெரூனா, பச்சையா? பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.