கத்திரி இலைக்குப் பழகிய வண்டுகள்

என் கணவரின் அண்ணன் மனைவியைத் தெருவில் வண்டுக்காரி என்றுதான் சொல்வார்கள். எனக்கு அக்கா. ஆராய்ச்சி நிலையத்தில் வண்டு வளர்ப்பது அவள் வேலை. வயல்களை அடைத்துக்கொண்டிருந்த ஒரு முள்ளுக் களையை ஒழிக்க, அதன் இலையை மட்டும் தின்னும் வண்டைக் கொண்டுவந்திருந்தார்கள். மனுஷனுக்கே வேலை இல்லை, வண்டுக்குச் சோறு போட ஒரு ஆளா என்று நான் கேலி பேசுவேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

வெளியே விடுமுன் சோதித்தார்கள். கத்திரி அந்தக் களைக்குப் பங்காளிச் செடி. அதனால் கத்திரி இலையை மட்டும் போட்டுக் கொஞ்சம் வண்டுகளை டப்பாவில் அடைத்தார்கள். ஒன்றுகூட வாய் வைக்கவில்லை, எல்லாம் செத்தன. "புலி பசிச்சாலும் புல்லத் தின்னாது" என்றாராம் அதிகாரி. இனிப் பயமில்லை, நிறையப் பெருக்கு என்று அக்காவிடம் மிச்ச வண்டுகளை ஒப்படைத்தார்கள்.

"கண்ணு முன்னாலயே பட்டினியா செத்துச்சுங்கடி" என்று வீட்டில் வந்து அழுதாள். அவள் அப்படித்தான், யார் பசியும் பொறுக்கமாட்டாள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் கூச்சப்பட்டு அரை வயிற்றோடு எழுந்துவிடுவேன். அடுக்களைக்குள் இழுத்துப்போய் உருட்டி ஊட்டியவள் அவள்தான்.

அந்தக் கோடையில் களையெல்லாம் காய்ந்துபோனது. வண்டுகளுக்கு இலை வரவில்லை. ஒருநாள் அக்கா எங்கள் கத்திரித் தோட்டத்தில் இலை கிள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டு குடும்பமும் அந்தத் தோட்டத்தை நம்பித்தான் இருந்தது.

"என்னக்கா பண்ற?"

"புள்ளைங்க பட்டினி கெடக்குதுடி. வாயில வச்சாவது பாக்கட்டுமே."

முக்கால்வாசி செத்தன. ஏதோ சில மட்டும் கடித்துப் பார்த்துப் பிழைத்தன, முட்டையிட்டன. அவற்றின் புழுக்கள் தாயைவிடத் தாராளமாகத் தின்றன. பேரன் பேத்தி எடுத்தவள் மாதிரி பூரித்துப் போனாள். இதை அதிகாரியிடம் சொல்லவேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. சோதனைதான் முடிந்துவிட்டதே என்று அவர்களும் மறுபடி பார்க்கவில்லை. மழை பெய்து களை துளிர்த்ததும் அந்த வம்சத்தைத்தான் பெட்டி பெட்டியாக வெளியே விட்டார்கள்.

களை ஒழிந்தது. எல்லோருக்கும் பாராட்டு. அடுத்த போகத்தில் எங்கள் கத்திரி இலைகள் சல்லடையாகின. அக்கா ஓடிப்போய் ஓர் இலையைத் திருப்பினாள். அடியில் மஞ்சள் முட்டைகள், கொத்துக் கொத்தாக. தான் வளர்த்தது அவளுக்குத் தெரியாதா? அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

மருந்தடித்துப் பார்த்தோம், அடங்கவில்லை. கடைசியில் தோட்டம் முழுவதையும் பிடுங்கிக் கொளுத்தினோம். என் கணவரும் அவர் அண்ணனும் வெளியூருக்குக் கூலி வேலை தேடிப் போனார்கள். அக்கா நிலையத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். வேலையும் போயிற்று.

பாவி, உன் இரக்கம் எங்கள் அடிமடியிலேயே கை வைத்துவிட்டதே என்று கத்தத்தான் அடுக்களைக்குப் போனேன். அக்காவின் தட்டில் போட்டது போட்டபடி இருந்தது.

"அதுங்களப் பட்டினி போட்டே கொன்னுருக்கணும்டி" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கவளம் உருட்டி அவள் வாயருகே கொண்டுபோனேன். அவள் வாயைத் திறக்கவில்லை.