மீன்கடைக் குளிரறையில் ஒரு பனிவண்டி

சில்லு இல்லாத வாகனத்துக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று என் மனைவி கேட்டபோதுதான் அவள் பாதி இறங்கி வந்துவிட்டாள் என்பது எனக்கு விளங்கியது. மற்றப் பாதி இறங்கவில்லை.

"இது மிசினுக்குத்தான், உங்களுக்கில்லை" என்றாள். "உங்களுக்குப் பிடிச்சிருக்கிற விசருக்கு ஒரு மூட்டை தேசிக்காயும் காணாது."

மிசின் என்று அவள் சொன்னது ஸ்நோமொபைலை. பனியில் ஓடுகிற வண்டி அது. முன்னால் இரண்டு சறுக்குக்கட்டைகள், பின்னால் அகலமான ரப்பர்ப் பட்டி, நடுவில் மோட்டார் சைக்கிள் மாதிரி ஒரு சீட். மெல்பேர்னில், ஸ்பிரிங்வேலில் எங்கள் வீட்டுக் கராஜுக்குள் அது கனகாலமாக நிற்கிறது. கார் வெளியே வெயிலில் காய, இது உள்ளே நிழலில் நிற்கும். அதன் சீட்டில் மனைவி மோர்மிளகாய்த் தட்டுகளை வைப்பாள். ஒரு நாளாவது வேறு எதற்காவது பயன்படும் என்று அவள் நினைத்ததில்லை. கடைசியில் இரண்டு சறுக்குக்கட்டைகளின் நுனிக்குக் கீழும் ஒவ்வொரு பழத்தை வைத்து, சந்தனப்பொட்டும் இட்டாள்.

அந்த வண்டி என்னிடம் வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவன் இல்லை. ஊரில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் பழுதுபார்த்தேன். இங்கே வந்த புதிதில் எல்லா இடத்திலும் சான்றிதழ் கேட்டார்கள். மெல்பேர்னிலிருந்து காரில் சில மணி நேரம் போனால் பனிமலை ஒன்று இருக்கிறது. அங்கே மட்டும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் குளிரில் வந்து நிற்க ஆளில்லை, அவ்வளவுதான். குளிர்காலம் முழுக்க மலையில், மற்றக் காலம் கீழே ஒரு கராஜில். வருடக்கணக்காக அப்படி ஓடினேன்.

மலையில் என் வேலை ஸ்நோமொபைல் திருத்துவது. திருத்தினால் ஓட்டிப் பார்க்க வேண்டும். கொட்டகையிலிருந்து பெற்றோல் தாங்கி வரைக்கும் ஓட்டலாம். அங்கே ஒரு மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. கயிற்றோடு திரும்பிவிட வேண்டும். அதற்கு அப்பால் பனிச்சரிவும் யூக்கலிப்டஸ் காடும் ஆகாயமும்தான். நான் திருத்திய வண்டிகளை இளம் பெடியன்கள் கயிற்றுக்கு அப்பால் கொண்டு போவார்கள். போகிற சத்தத்தை வைத்தே எது நன்றாக ஓடுகிறது, எது இருமுகிறது என்று சொல்லிவிடுவேன். சத்தம் மட்டும்தான் எனக்கு. ஊரில் சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் கையைச் சுழற்றித் திரும்பிப் போ என்பான். அவன் தோளில் துவக்கு இருந்தது, சுட்டுவிடுவான் என்று பயந்து திரும்பினேன். இங்கே ஒரு மஞ்சள் கயிறு போதுமாக இருந்தது. அதுதான் எனக்குக் கோபம். கயிற்றின் மேலில்லை, என் மேல்.

மலை வேலை முடிந்தபோது, ஓட்டத்திலிருந்து கழித்துவிட்ட ஒரு பழைய வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அதுதான் மோர்மிளகாய் வண்டி.

என் மனைவியின் தம்பி கனடாவின் வடபகுதியில் இருக்கிறான். லொறி ஓட்டுகிறவன். அங்கே ஒவ்வொரு குளிர்காலமும் உறைந்த ஆறுகள் மேலும் காட்டுக்குள்ளும் நாட்கணக்காக ஓடுகிற ஒரு ஸ்நோமொபைல் ஓட்டப்போட்டி நடக்கும். இரண்டு பேர் ஒரு சோடி, ஆளுக்கொரு வண்டி. ஒருவன் நின்றால் மற்றவனும் நிற்க வேண்டும், ஒருவன் விட்டால் இருவரும் வெளியே. போன முறை அவன் வேலைத்தலத்துச் சிநேகிதன் ஒருவனோடு ஓடி, பாதியில் நின்றான். இந்த முறை அந்தச் சிநேகிதன் முதுகுநோவு என்று விலகிவிட்டான்.

"அத்தான், நீங்கள் வாறியளே?" என்று போனில் சிரித்தான்.

"ஓம், வாறன்."

சிரிப்பு நின்றது. "நான் பகிடிக்குக் கேட்டனான்."

"நான் பகிடிக்குச் சொல்லேல்லை."

அன்று தொடங்கியது. மனைவி குசினிக் கதவடியில் நின்று தம்பியைத் திட்டினாள். மகள் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். வேலை முடிந்து வந்து என் பிரஷர் பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். சரியாகவே இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. சிட்னியில், பரமற்றாவில் இருக்கும் மகன் போன் எடுத்து, "Dad, why?" என்றான். தமிழில் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மச்சான் ஒரு வழி கண்டுபிடித்தான். "அத்தான், நீங்கள் வாங்கோ. எங்களுக்குப் பின்னால சாமான் ஏத்தி வாற வான் வண்டியில இருங்கோ. நாங்கள் தங்கிற இடத்துக்கு நீங்கள் வானில வந்து, சாமான் தந்து, சூப் காய்ச்சித் தந்தாக் காணும். அதுவும் ரீமில ஓராள்தான்."

"வான் சீட்டில இருக்கிறதுக்கு நான் ஏன் கனடா வரோணும்? இஞ்சையும் சீட் இருக்கு."

"அங்க நடுக்காட்டில பெல்ட் அறும் அத்தான். உறையிற குளிரில ஆரும் வந்து மாத்தித் தரமாட்டான். விரல் வேலை செய்யாது."

"எனக்கு வேலை செய்யும்."

"எங்க, காட்டுங்கோ பாப்பம்! இந்த வெள்ளிக்குள்ள பேர் குடுக்கோணும். மெல்பேர்னில குளிர் இருந்தா எனக்குப் பெல்ட் மாத்திக் காட்டுங்கோ. ஓட்டக்காரன் எண்டு உங்கட பேரைப் போடுறன். இல்லாட்டி வான்."

அவன் அதைச் சொன்னது ஜனவரி மாதம், இங்கே கோடை. வெளியே தார் இளகிக்கொண்டிருந்தது. குளிர் இருக்காது என்று தெரிந்துதான் சொன்னான். அவனுக்கு அக்காவின் பேச்சையும் கேட்க வேண்டும், என் முகத்தையும் முறிக்கக் கூடாது. கெட்டிக்காரன். ஆனால் ஸ்பிரிங்வேல் அவனுக்குத் தெரியாது.

ஸ்பிரிங்வேலில் எங்கள் ஆட்கள் சனிக்கிழமைகளில் மீன் வாங்கும் கடை ஒரு வியட்நாம்காரருடையது. எங்களோடு பழகிப் பழகி அவருக்கு 'அண்ணை', 'இறால்', 'பெரிசு', 'பொய் சொல்லாதை' எல்லாம் வரும். கடைக்குப் பின்னால் ஆள் நடந்து போகக்கூடிய குளிரறை ஒன்று இருக்கிறது. கதவைத் திறந்தால் மூக்கு மயிர் உறையும். ஒரு கார் கொள்ளும். நான் போய்க் கேட்டேன்.

"என்ன மீன் வைக்கப் போறீங்க, அண்ணை?" என்று தன் ஆங்கிலத்தில் கேட்டார்.

"மீனில்லை. ஸ்நோமொபைல்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொய் சொல்லாதை" என்றார் தமிழில். பிறகு வியாழன் பின்னேரம் மீன் பெட்டிகள் குறைவு, இடம் இருக்கும் என்றார்.

ஆகவே வியாழன் மத்தியானம் எலுமிச்சம்பழம். சறுக்குக்கட்டைகளுக்குக் கீழே சக்கரம் வைத்த தட்டுகளைக் கொடுத்து வண்டியைத் தள்ளிக் கொண்டுவந்தபோது பழம் இரண்டும் நசுங்கின. மனைவிக்கு அது திருப்தி. நேராகத் தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு வந்தாள். குளிருக்குள் போகிறவன் எண்ணெய் வைக்காமல் போனால் குளிர் தலையில் இறங்கிவிடும், தோல் வெடித்துவிடும் என்பது அவள் கணக்கு. நானும் மறுக்கவில்லை. பிறந்ததிலிருந்து தலைக்குப் பூசி, மிச்சத்தைக் கையிலும் காலிலும் தேய்த்து வாழ்ந்த உடம்பு. நன்றாகத் தேய்த்து, மெல்லிய கம்பளிக் கையுறையையும் அதன் மேலேயே மாட்டிக்கொண்டேன்.

கடை வாசலில் ட்ரெயிலரில் வண்டி, அதன் பக்கத்தில் பனி உடுப்பும் ஹெல்மெட்டுமாக நான். மகள் லீவு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். உதவிக்கு இல்லை, நிறுத்துவதற்கு. கடைக்குள் இறால் வாங்க நின்ற ஒரு தமிழ் மனிசி என்னைப் பார்த்து, "அங்கிள், உடம்புக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று கேட்டது. வியர்வை காலுறை வரை வந்துவிட்டது.

குளிரறைக்குள் வண்டியை வைத்து, அது நன்றாக உறையும்வரை விட்டோம். பிறகு நான் உள்ளே போய் முழங்காலில் இருந்தேன். மகள் கதவைப் பிடித்துக்கொண்டு போனை நீட்டினாள். போனுக்குள் மச்சான், பின்னால் அவன் வீட்டு யன்னல், அதற்கு வெளியே உண்மையான பனி.

"அத்தான், அது என்ன மேல தொங்குது?"

"சுறா."

"கடவுளே."

பெல்ட் என்பது எஞ்சினுக்கும் பின்பட்டிக்கும் நடுவில் இரண்டு உருளைகளில் ஓடுகிற தடித்த ரப்பர் வளையம். எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் அந்த வளையம் பிடித்தால்தான் வண்டி நகரும். உறைந்த ரப்பர் மரக்கட்டை மாதிரி. வெளிக் கையுறையைக் கழற்றி, மெல்லிய கையுறையோடு பின் உருளையை விரித்து, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். விரல் நுனிகள் முதலில் குத்தின, பிறகு பேசாமல் இருந்தன. ஆனாலும் செய்தன. மச்சான் போனுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து என் விரல்களைப் பார்த்தான். அதுவே எனக்குப் பாதி வெற்றியாக இருந்தது.

பழுதாய்ப்போன ஐஸை எல்லாம் கடைக்காரர் பின்முற்றத்தில் கொட்டுவார். அங்கே ஒரு சிறு குன்று மாதிரிக் கிடந்தது. மீன் செதில் கலந்த ஐஸ்தான், ஆனாலும் அந்த வெயிலில் ஸ்பிரிங்வேல் முழுக்க அது ஒன்றுதான் பனிமலை. வண்டியை வெளியே கொண்டுவந்து அதன் அடியில் நிறுத்தினோம். ஏறி இருந்து எஞ்சினைப் போட்டேன். முறுக்கினேன்.

எஞ்சின் அலறியது. வண்டி அசையவில்லை. இன்னும் முறுக்கினேன். மூடிக்குள்ளிருந்து புகை வந்தது.

"நிப்பாட்டுங்கோ!" என்று மச்சான் கத்தினான். "அத்தான், காணும். நல்லாச் செய்தியள். வான் சீட் நல்ல சொகுசு, சூடும் போடலாம்."

மீன்கடைக்காரர் மூக்கைச் சுருக்கினார். "அண்ணை, தேங்காய் மணக்குது" என்றார்.

நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். என் தலைமயிர் வெள்ளையாக மெழுகுபோல் கட்டிப்போய் நின்றது. கடைக்காரர் உறைபனி என்று நினைத்துத் துடைக்க வந்தார். மகள் தொட்டுப் பார்த்தாள். வெயில் பட்டதும் அது உருகிக் காதுக்குப் பின்னால் வழியத் தொடங்கியது.

"அப்பா. இது எண்ணெய். உங்கட கையிலயும் பூசினீங்களா?"

கையுறையைக் கழற்றிக் காட்டினேன். உள்ளங்கை மினுங்கியது. கையிலிருந்து கையுறைக்கு, கையுறையிலிருந்து பெல்ட்டுக்கு, பெல்ட்டிலிருந்து உருளைக்கு. பெல்ட் பிடிக்காமல் வழுக்கியிருக்கிறது. உலகத்தில் எந்த ஓட்டக்காரனும் பெல்ட்டுக்குத் தேங்காயெண்ணெய் வைத்திருக்கமாட்டான்.

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா! அக்கா எங்க? அத்தான் மிசினுக்குத் தேங்காய்ப்பால் சொதி வைச்சிட்டார்!"

எல்லோருக்கும் அத்தோடு முடிந்துவிட்டது. மகள் கார்ச் சாவியைக் கையில் எடுத்துவிட்டாள். கடைக்காரர் தண்ணீர்க் குழாயைத் திறந்தார். மச்சான் அங்கே தேத்தண்ணி வைக்கப் போகிறேன் என்றான்.

"போனை வைக்காதை" என்றேன்.

"அத்தான்..."

"வெள்ளி நாளைக்குத்தான். இண்டைக்கு வியாழன். வைக்காதை."

கடைக்காரரிடம் சோப்பு வாங்கி முழங்கை வரை கழுவினேன், தலையையும் கழுவினேன். மீன் வெட்டுகிறவர்கள் போடும் புதுக் கையுறை ஒரு சோடி தந்தார். உருளைகள் ஆறும்வரை பொறுத்து, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். துணியை முகர்ந்தேன். மறுபடி துடைத்தேன். மாற்றுப் பெல்ட் ஒன்று கொண்டுவந்திருந்தேன். வண்டியையும் அதையும் திரும்பக் குளிரறைக்குள் கொண்டுபோகச் சொன்னேன்.

"இஞ்ச வெளியிலயே மாத்தலாமே அப்பா. பெல்ட் ஓடுதோ எண்டு பாத்தாச் சரிதானே?"

"வெளியில மாத்தினா அவன் வெளியில மாத்தினதெண்டுதான் சொல்லுவான்."

இரண்டாவது முறை விரல் முதலிலிருந்தே ஒத்துழைக்கவில்லை. ஏற்கெனவே ஒருமுறை செத்துப் பிழைத்த விரல். பெல்ட் ஒரு பக்கம் ஏற, மறுபக்கம் நழுவும். சுறாவின் வால் ஹெல்மெட்டில் இடிக்கும். ஒருமுறை மகள், "அப்பா, காணும், பிளீஸ்" என்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எழும்பியிருப்பேன். உள்ளங்கையால் அடித்து, முழங்காலால் அமத்தி, கடைசியில் அது உருளைக்குள் போய் உட்கார்ந்தது.

வெளியே வந்து ஏறினேன். முறுக்கினேன். ஒரு நிமிடமும் யோசிக்காமல் வண்டி ஐஸ் குன்றின் மேல் பாய்ந்தது. செதிலும் ஐஸும் பின்னால் பறந்து கடைக்காரரின் சுவரில் அடித்தன. உச்சியில் ஏறி மறுபக்கம் இறங்கி, முற்றத்து வேலிக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் நிறுத்தினேன். ஓடின தூரம் என் வீட்டு நடைபாதை அளவுகூட இருக்காது.

மகள் முதலில் என் கைகளைப் பிடித்தாள். ஒவ்வொரு நகமாக அமத்தி, விட்டு, நிறம் திரும்புகிறதா என்று பார்த்தாள். எல்லாம் பார்த்து முடிந்தும் கையை விடவில்லை.

"நிறம் வந்திட்டுது" என்றாள், போனுக்குள் இருந்தவனைப் பார்த்து, ஏதோ தோற்றவள் மாதிரி. "எல்லாம் வந்திட்டுது மாமா."

மச்சான் ஒரு பேனையைத் தேடி எடுத்தான். பிறகு, "உங்கட பாஸ்போட்டில பேர் எப்பிடி எழுதியிருக்கு அத்தான்? சரியாச் சொல்லுங்கோ" என்றான்.

இதை எழுதும்போது சூட்கேஸ் விறாந்தையில் திறந்து கிடக்கிறது. மகனும் சிட்னியிலிருந்து வந்து நிற்கிறான். என்னை நிறுத்துவதற்கான கடைசி முயற்சி என்று நினைக்கிறேன், ஆனால் நேற்று முழுக்க என் பனிச் சப்பாத்துகளுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான். போட்டிக்கு இரண்டு கிழமை முன்னால் போய் அங்கத்தைய பனியில் ஓடிப் பழக வேண்டும். முடிப்போமா என்று எனக்குத் தெரியாது. முதல் நாளே வண்டி ஆற்றில் நிற்கலாம். எனக்கு அது பரவாயில்லை. வழியில் கயிறு கட்டியிருக்க மாட்டார்கள்.

மனைவி சூட்கேஸுக்குள் தேங்காயெண்ணெய்ப் போத்தலை வைத்தாள். நான் எடுத்து வெளியே வைத்தேன். திரும்பவும் வைத்தாள்.

"அங்க அது கல்லாய்ப் போயிடும்" என்றேன்.

"கல்லாப் போனாச் சுரண்டிப் பூசுங்கோ. தலைக்கு மட்டும்" என்றாள். "கையைத் துடைச்சிட்டு வண்டியைத் தொடுங்கோ."